பெரிய ஆர்வி இழுக்கப் போகிறீர்களா? பிரேக் கன்ட்ரோலரை இப்படித் தேர்ந்தெடுங்கள்

ஆர்வி என்றால் தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி. முதல்முறையாகப் பெரிய டிராவல் டிரெய்லரோ (டிரக்கின் பின்னால் மாட்டி இழுப்பது) ஃபிஃப்த் வீலோ (டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டி இழுப்பது) வாங்குகிறவர்கள் டிரக் எவ்வளவு இழுக்கும், எந்த ஹிட்ச் (இணைப்புக் கொக்கி) போடலாம் என்றெல்லாம் வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். பிரேக் கன்ட்ரோலர் என்று வந்ததும் "ஏதாவது ஒன்றை மாட்டிக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடமே விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எஞ்சின் கொஞ்சம் திணறினால் மேட்டில் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். நிறுத்துவதில் குறை இருந்தால் அதை ஈடுகட்ட உங்களிடம் வேறு எதுவும் கிடையாது.

7,000 பவுண்டு டிரக், பின்னால் 12,000 பவுண்டு டிரெய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரக்கின் பிரேக் அதன் சொந்த எடையையும் அதில் ஏற்றும் சுமையையும் நிறுத்தத்தான் செய்யப்பட்டது. பின்னால் வருகிற 12,000 பவுண்டை டிரெய்லரின் சக்கரங்களில் இருக்கும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். எப்போது பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அந்த பிரேக்குக்குச் சொல்கிற பெட்டிதான் கன்ட்ரோலர். அது தாமதமாகச் சொன்னால் டிரெய்லர் டிரக்கை முன்னால் தள்ளும், அதுவே ஈரச் சாலையில் ஒரு வளைவாக இருந்தால் டிரக்கின் பின்பக்கம் விலகி வண்டி இரண்டும் மடக்குக் கத்திபோல மடிந்துகொள்ளக்கூட வாய்ப்புண்டு. அளவுக்கு மீறிச் சொன்னால் டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர் தேயும், டிரெய்லர் பக்கவாட்டில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிப்பதுதான் இங்கே முழு வேலையும்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் மோட்டார்ஹோம் (சொந்த எஞ்சினில் ஓடும் ஆர்வி) ஓட்டுகிறீர்கள், அதன் பின்னால் ஒரு காரை நான்கு சக்கரமும் தரையில் படும்படி இழுத்துப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. இழுபடும் காரின் பிரேக் பெடலை அழுத்துகிற துணை பிரேக் சாதனம் என்று தனியாக விற்கிறார்கள், உங்களுக்குத் தேவை அது. இங்கே நான் பேசுவது மின்சார பிரேக் உள்ள டிராவல் டிரெய்லர், ஃபிஃப்த் வீல் இரண்டையும் பற்றித்தான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட கேம்பிங் டிரெய்லர்களுக்கு அந்த வரம்பு 1,500 பவுண்டுதான். பெரிய ஆர்வி எப்படியும் இந்த எல்லா வரம்பையும் தாண்டிவிடும், அதனால் பிரேக் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

முதலில் டிரெய்லருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

எல்லோரும் தேர்வை டாஷ்போர்டிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் பெட்டி அழகாக இருக்கிறது, திரை எவ்வளவு பெரியது, எங்கே பொருத்தலாம், இப்படி. தேர்வு தொடங்க வேண்டிய இடம் டிரெய்லரின் அடிப்பாகம். அங்கே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஆக்சில் (சக்கர அச்சு), எந்த வகை பிரேக், முழுச் சுமையோடு எவ்வளவு எடை.

ஆக்சில் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு ஆக்சிலுக்கும் இரண்டு சக்கரம், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்காந்தம். ஆர்விகளில் சாதாரணமாக வரும் 10 அங்குல, 12 அங்குல டிரம் பிரேக்கில் ஒவ்வொரு காந்தமும் முழு விசையில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஆக்சில் டிரெய்லர் என்றால் நான்கு காந்தம், சுமார் 12 ஆம்பியர். மூன்று ஆக்சில் என்றால் ஆறு காந்தம், சுமார் 18 ஆம்பியர். அந்த மின்னோட்டத்தைச் சூடாகாமல் தருகிற திறன் கன்ட்ரோலருக்கு இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் சில இரண்டு ஆக்சிலோடு நின்றுவிடும். பெட்டியின் மேல் 'இத்தனை ஆக்சில் வரை' என்று அச்சிட்டிருப்பார்கள், மற்ற விளம்பர வாசகத்தை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியை முதலில் படியுங்கள்.

அடுத்தது பிரேக் வகை. பெரும்பாலான ஆர்விகளில் இருப்பது மின்சார டிரம் பிரேக். அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும். சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மின் உட்புறத்தில் வழவழப்பான இரும்புப் பரப்பு ஒன்று இருக்கிறது. அதன் எதிரே, ஒரு கம்பியின் நுனியில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் மின்காந்தம். மின்சாரம் வந்ததும் காந்தம் அந்த இரும்புப் பரப்பில் போய் ஒட்டப் பார்க்கிறது, பரப்பு சுற்றிக்கொண்டிருப்பதால் காந்தத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது, அந்த இழுப்பில் கம்பி திரும்பி பிரேக் ஷூக்களை அகற்றி டிரம்மின் மேல் அழுத்துகிறது. அதாவது பிரேக் பிடிக்கும் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்தின் சுழற்சியிலிருந்தே வருகிறது, மின்சாரம் அதைத் தூண்டிவிடுகிறது. சக்கரம் மிக மெதுவாகச் சுற்றும்போது இந்த பிரேக் மந்தமாகத் தோன்றுவதற்கும், ரிவர்ஸில் சரியாகப் பிடிக்காததற்கும் காரணம் இதுதான்.

சில பெரிய ஃபிஃப்த் வீல்களில் டிஸ்க் பிரேக் இருக்கும். அவற்றில் ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்த ஒரு மின்சார பம்ப், டிரெய்லரின் முன்பகுதியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் வழியே ஹைட்ராலிக் என்ற அர்த்தத்தில் இதை 'எலெக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக்' என்பார்கள். டிஸ்க் பிரேக் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில் டிரம்மைவிட நம்பகமானது. ஆனால் எல்லாக் கன்ட்ரோலரும் இந்த பம்போடு ஒத்துப்போகாது. காந்தத்துக்கு ஏற்ற சமிக்ஞையை அனுப்பினால் சில பம்புகள் தாமதமாக எழுந்திருக்கும், சில பழுது என்று காட்டும். டெகோன்ஷா புராடிஜி பி3 போன்ற கன்ட்ரோலர்களில் இதற்கென்றே தனி மோடு இருக்கிறது. உங்கள் டிரெய்லரில் டிஸ்க் இருந்தால் அந்த மோடு இல்லாத கன்ட்ரோலரை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எடை விஷயத்தில், டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்ச மொத்த எடையை எடுத்துக்கொள்ளுங்கள். காலி எடையை வைத்துக் கணக்குப் போடுவது வீண். தண்ணீர் டேங்க், கேஸ் சிலிண்டர், சமையல் பாத்திரம், துணிமணி, மடக்கு நாற்காலி என்று எல்லாம் ஏறியபின் பெரிய ஆர்வி ஆயிரக்கணக்கான பவுண்டு கூடிவிடும். முடிந்தால் நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஏற்றி உண்மை எடையைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, எவ்வளவு நல்ல கன்ட்ரோலர் போட்டாலும் டிரக்கின் இழுவை வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது.

அடுத்து, டிரக்கில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

கடைக்குப் போகும் முன் டிரக்கின் கையேட்டைத் திறந்து பாருங்கள். தொழிற்சாலையிலேயே பொருத்திய கன்ட்ரோலர் உங்கள் டிரக்கில் இருக்கலாம். ஃபோர்டு 2005 சூப்பர் டியூட்டியில் இதைக் கொண்டுவந்தது, அப்புறம் ஜிஎம், ராம் நிறுவனங்களும் தங்கள் டிரக்குகளில் கொடுக்க ஆரம்பித்தன. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு பொத்தானும், இரண்டு விரலால் கிள்ளி அழுத்துகிற அல்லது பக்கவாட்டில் தள்ளுகிற ஒரு சிறு நெம்புகோலும் இருந்தால் உங்களிடம் ஏற்கனவே கன்ட்ரோலர் இருக்கிறது.

அப்படி இருந்தால் பெரும்பாலும் அதையே பயன்படுத்துங்கள், இன்னொன்று வாங்காதீர்கள். காரணம், அதற்கு டிரக்கின் பிரேக் அமைப்போடு நேரடித் தொடர்பு இருக்கிறது. நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்தமாக மிதிக்கிறீர்கள், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் டிரக்கில் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதற்கு உடனே தெரியும். வெளியிலிருந்து வாங்கி மாட்டுகிற பெட்டிக்கு இந்தத் தகவல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தொழிற்சாலைக் கன்ட்ரோலரின் மெனுவில் டிரெய்லர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். உதாரணமாக ராம் டிரக்கில் லேசான மின்சார பிரேக், கனமான மின்சார பிரேக், அதேபோல ஹைட்ராலிக்கிலும் லேசானது, கனமானது என்று நான்கு தேர்வு வரும். டிஸ்க் பிரேக் டிரெய்லரை மாட்டிவிட்டு மெனுவை மின்சார பிரேக்கில் விட்டுவைத்தால் நல்ல கருவியும் மோசமாக நடந்துகொள்ளும்.

டிரக்கின் பின்னால், டிரெய்லர் கேபிளை மாட்டும் ஏழு முனை சாக்கெட் இருப்பதை வைத்து கன்ட்ரோலரும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இழுவைப் பேக்கேஜ் உள்ள பல டிரக்குகளில் சாக்கெட்டும் ஒயரும் டாஷ்போர்டு வரை வந்திருக்கும், பெட்டி இருக்காது. இதில் ஒரு நல்ல விஷயம், டாஷ்போர்டுக்கு அடியில் கன்ட்ரோலருக்கென்றே ஒரு பிளக் தயாராகத் தொங்கும். உங்கள் டிரக் மாடலுக்கு உரிய இணைப்பு ஒயர் வாங்கினால் ஒரு முனையை அங்கே, மறுமுனையைக் கன்ட்ரோலரில் சொருகிவிட்டு வேலையை முடிக்கலாம், ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம்.

கன்ட்ரோலர் வகைகள்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வகைகளில் முக்கியமான வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் எவ்வளவு அழுத்தமாக நிறுத்துகிறீர்கள் என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியுமா, தெரியாதா?

நேரம் பார்த்து வேலை செய்கிற வகைக்குத் தெரியாது. பிரேக் விளக்கு எரிந்ததும் அது எண்ண ஆரம்பிக்கிறது, நீங்கள் வைத்த அளவு வரை சில நொடிகளில் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. சிக்னலை நோக்கி மெதுவாக உருண்டு போய் நின்றாலும், முன்னால் மான் குதித்துப் பெடலை ஓங்கி மிதித்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். கர்ட் டிஸ்கவரி இந்த வகையைச் சேர்ந்தது. விலை குறைவு, எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் பொருத்தலாம், சிறிய டிரெய்லரை எப்போதாவது இழுப்பவருக்குப் போதும். பெரிய ஆர்விக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். அவசர நேரத்தில் அந்த முதல் ஒன்றிரண்டு நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அந்த நேரத்தில் டிரெய்லர் பாதி விசையில் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சம் முழுவதும் டிரக்கின் தலையில் விழும்.

விகிதாசார வகைக்கு ஓரளவு தெரியும். உள்ளே ஓர் உணரி இருக்கிறது, டிரக்கின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்று அளந்து அதற்கு ஏற்ற விசையை டிரெய்லருக்கு அனுப்புகிறது. மெதுவாக நிறுத்தினால் மெதுவாக, ஓங்கி நிறுத்தினால் ஓங்கி. பெரிய ஆர்விக்கு இதுதான் குறைந்தபட்சத் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணியில் ஊசல் போன்ற உணரி இருந்தது, டெகோன்ஷா வாயேஜர் போன்றவற்றைப் பொருத்தியபின் கையால் மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், மட்டம் தவறினால் பிரேக் கூடவோ குறையவோ செய்யும். புராடிஜி பி2, பி3, கர்ட் டிரைஃப்ளெக்ஸ் போன்றவை தாங்களே மட்டம் பார்த்துக்கொள்ளும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

இந்த வகையிலும் ஒரு குறை உண்டு, விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. டிரக் வேகம் குறைய ஆரம்பித்தபிறகுதான் உணரிக்குச் செய்தி போகிறது. டிரெய்லர் டிரக்கைவிடக் கனமாக இருந்தால் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்க, டிரக் வேகம் குறையவே கொஞ்சம் நேரமெடுக்கும், உணரி அதைப் பார்த்து 'சும்மா மெதுவாகத்தான் நிறுத்துகிறார்' என்று எடுத்துக்கொள்ளும். இதைச் சரிக்கட்டத்தான் 'பூஸ்ட்' என்றொரு வசதி இருக்கிறது. பூஸ்ட் வைத்தால் பெடலைத் தொட்டதுமே டிரெய்லருக்குக் கொஞ்சம் விசை போய்விடும், மிச்சத்தை உணரி பார்த்துக்கொள்ளும். பி3-யில் மூன்று நிலை பூஸ்ட் உண்டு. டிரெய்லர் டிரக்கைவிட எவ்வளவு கனமோ அவ்வளவு உயர்ந்த நிலை. பெரிய ஃபிஃப்த் வீல் இழுக்கிறவர்கள் பூஸ்ட் இல்லாத கன்ட்ரோலரை வாங்கிவிட்டு 'இது சரியாகப் பிடிக்கவில்லையே' என்று கெயினை (டிரெய்லருக்கு அதிகபட்சம் எவ்வளவு விசை போகலாம் என்று வைக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. கெயினை ஏற்றினால் கடைசியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், தொடக்கத்தில் வந்த தாமதம் அப்படியேதான் இருக்கும்.

பெடலின் அழுத்தத்தை நேரடியாகப் படிக்கும் வகைக்கு முழுதாகத் தெரியும். தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் இப்படித்தான். தனியாகவும் கிடைக்கிறது, மேக்ஸ்பிரேக் என்பது டிரக்கின் பிரேக் எண்ணெய்க் குழாயில் ஓர் அழுத்த உணரியைப் பொருத்தி வேலை செய்வது. ஏற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போதுகூட பெடலை மிதித்தால் டிரெய்லர் பிரேக்கும் பிடித்திருக்கும், வேகக் குறைவைப் பார்க்கிற உணரியால் அந்த இடத்தில் இவ்வளவு உதவ முடியாது. மலைப்பாதையில் அடிக்கடி கனமான ஆர்வி இழுப்பவருக்கு அருமையான தேர்வு. ஆனால் டிரக்கின் பிரேக் குழாயில் கைவைக்க வேண்டியிருக்கிறது, அதைச் செய்து பழகிய மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள், உத்தரவாதத்துக்குப் பாதிப்பு வருமா என்று டீலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வயர்லெஸ் வகையையும் சொல்ல வேண்டும். கர்ட் எக்கோ டிரக்கின் ஏழு முனை சாக்கெட்டுக்கும் டிரெய்லர் கேபிளுக்கும் நடுவில் சொருகுவது, போனில் உள்ள செயலி வழியாக அளவை மாற்றலாம். ஒரு பொருத்தும் வேலையும் கிடையாது, வாடகை டிரக்கிலும் மாட்டலாம். ஆனால் அது இரண்டு ஆக்சில் வரைக்கும்தான், மூன்று ஆக்சில் ஃபிஃப்த் வீலுக்கு ஆகாது. எனக்கு இதில் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கை தானாகப் போய்த் தொடுகிற இடத்தில் டிரெய்லர் பிரேக் நெம்புகோல் இருக்க வேண்டும், போன் திரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த நெம்புகோலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த மாடலை எடுத்தாலும் கடையிலேயே இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டிரக்கின் பெடலைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிப்பதற்கு உள்ளது அது. பக்கக் காற்றிலோ பெரிய லாரி கடந்து போகும்போதோ டிரெய்லர் பாம்புபோல நெளிய ஆரம்பித்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இந்த நெம்புகோலை மெதுவாகத் தள்ளினால் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல டிரெய்லர் நேராகும். அந்த நேரத்தில் டிரக் பிரேக்கை மிதிப்பது நெளிவை மோசமாக்கும். அதனால் பெட்டியைப் பொருத்தும் இடம், சீட் பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்த நிலையில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலதுகை எட்டுகிற இடமாக இருக்கட்டும். முழங்கால் இடிக்காமலும் பாருங்கள். இடம் கிடைக்காத டிரக்குகளில் முன்பலகையில் திருகும் குமிழ் ஒன்று மட்டும் தெரிய, மீதிப் பெட்டி உள்ளே மறைந்திருக்கும் மாடல்கள் இருக்கின்றன. கர்ட் ஸ்பெக்ட்ரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ரெட்ஆர்க் டோ-புரோ எலைட் இரண்டும் அப்படித்தான்.

பொருத்தும்போது

தயாரான பிளக் உள்ள டிரக் என்றால் மேலே சொன்ன மாதிரி சொருகி முடித்துவிடலாம். இல்லையென்றால் நான்கு ஒயர் வேலை: கறுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து, நீலம் டிரெய்லர் பிரேக்குக்குப் போவது. பேட்டரி ஒயரில் தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம் போட வேண்டும், இரண்டு ஆக்சில் வரை 20 ஆம்பியர், மூன்று என்றால் 30. ஒயரின் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய ஒயரில் வோல்டேஜில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும், காந்தத்துக்குப் போய்ச் சேர்வது குறையும், அப்புறம் கன்ட்ரோலர் சரியில்லை என்று அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வெள்ளை ஒயரை டாஷ்போர்டு உலோகத்தில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் கட்டாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை கொண்டுபோவது நல்லது.

சிவப்பு ஒயரில்தான் புதிய வண்டிகளில் சிக்கல் வரும். எல்இடி விளக்குகளை மின்துடிப்பால் இயக்குகிற வண்டிகள் இருக்கின்றன, அங்கே கண்டபடி ஒட்டுப்போட்டால் கன்ட்ரோலர் குழம்பும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டிக்கு உரிய இணைப்பு ஒயர் இருந்தால் அதையே வாங்குங்கள். இந்த வேலையில் பழக்கமில்லாதவர் கற்றுக்கொள்ள இது சரியான இடம் இல்லை.

மாட்டியபின் ஒரு சின்னப் பரிசோதனை. டிரெய்லரை இணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து நெம்புகோலை முழுதாகத் தள்ளட்டும், நீங்கள் சக்கரம் சக்கரமாகப் போய்க் காதை வைத்துக் கேளுங்கள். பல கன்ட்ரோலர்களில் மின்சாரம் துடிப்பாகப் போவதால் டிரம்முக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் சாதாரணத் திசைகாட்டியை டிரம்மின் பின்பக்கம் நீட்டிப் பிடியுங்கள், காந்தம் உயிரோடு இருந்தால் முள் துள்ளித் திரும்பும். ஒரு சக்கரத்தில் மட்டும் முள் அசையவில்லை என்றால் அங்கே ஒயர் அறுந்திருக்கிறது அல்லது காந்தம் தேய்ந்து செத்துவிட்டது. ஆக்சில் குழாய்க்கு உள்ளே ஓடும் ஒயர் உலோகத்தில் உரசி உரசி மேலுறை கிழிவது ஆர்விகளில் சாதாரணமாக நடப்பது, பழைய டிரெய்லர் வாங்கினால் அதை முதலில் சந்தேகப்படுங்கள். மல்ட்டிமீட்டர் கையில் இருந்தால் நீல ஒயரில் ஆம்பியர் பாருங்கள், காந்தத்தின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கினால் வருவதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அளவு வைப்பது

இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். நல்ல கன்ட்ரோலரை வாங்கித் தவறான அளவில் ஓட்டுவதைவிட நடுத்தரமான ஒன்றைச் சரியான அளவில் ஓட்டுவது எவ்வளவோ மேல்.

டிரெய்லரில் பயணத்துக்கு ஏற்றும் சாமான் அனைத்தும் ஏற்றியிருக்கட்டும். யாரும் இல்லாத, சமமான, காய்ந்த இடமாகப் பாருங்கள், பெரிய காலி மைதானம் போல. முதலில் மெதுவாக ஓட்டிச் சில தடவை பிரேக் போட்டு டிரம்களைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த டிரம் சரியான பதில் சொல்லாது. புத்தம்புது பிரேக் ஷூ என்றால் அது டிரம்மோடு படிந்து பழக வேண்டும். மணிக்கு 40 மைலிலிருந்து 20 மைலுக்குக் குறைப்பதை 20, 30 தடவை, நடுவில் ஆறுவதற்கு இடைவெளி விட்டுச் செய்யுங்கள். அதுவரை எந்த அளவும் நிலைக்காது.

இப்போது கெயினைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்து, பூஸ்டை அணைத்துவிட்டு, மணிக்கு 25 மைல் வேகத்தில் போய், பெடலைத் தொடாமல் நெம்புகோலை மட்டும் முழுதாகத் தள்ளுங்கள். வண்டி சோம்பலாக வேகம் குறைந்தால் கெயினைக் கொஞ்சம் ஏற்றி மறுபடியும். இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டிரெய்லர் டயர் கிறீச்சிடும், கண்ணாடியில் பார்த்தால் சக்கரம் சுற்றாமல் இழுபடுவது தெரியும், வெளியே ஒருவர் நின்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அதற்குச் சற்றுக் கீழே இறக்கிவையுங்கள், அதுதான் உங்கள் அளவு. கனமான ஃபிஃப்த் வீலில், குறிப்பாக 7,000 பவுண்டு ஆக்சிலில் 12 அங்குல டிரம் இருந்தால், முழு கெயினிலும் சக்கரம் பூட்டாமல் போகலாம். அது எப்போதும் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நெம்புகோலுக்கு அழுத்தமான, ஒரே சீரான பிடிப்பு வருகிறதா என்று பாருங்கள், அது இருந்தால் போதும்.

பிறகு பெடலோடு ஓட்டிப் பாருங்கள். பிரேக் போடும்போது டிரெய்லர் பின்னாலிருந்து முட்டுவது போலிருந்தால் பூஸ்டை ஒரு நிலை ஏற்றுங்கள். பெடலைத் தொட்டவுடன் பின்னாலிருந்து வெடுக்கென்று பிடித்து இழுத்தால் ஒரு நிலை குறையுங்கள். சரியான அளவில் டிரெய்லர் இருப்பதே தெரியாது, டிரக் காலியாக இருக்கும்போது எப்படி நிற்குமோ கிட்டத்தட்ட அப்படி நிற்கும்.

இந்த அளவு நிரந்தரம் இல்லை. தண்ணீர் டேங்கைக் காலி செய்தால், மழை பெய்தால், சரளைக்கல் பாதையில் இறங்கினால் கெயினைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தின் காலையிலும் முகாமை விட்டுக் கிளம்பும்போது, மெதுவாக உருளும் நிலையில் நெம்புகோலை ஒருமுறை தள்ளி, டிரெய்லர் பிடித்து இழுப்பதை உணர்ந்தபிறகு சாலைக்குப் போங்கள். நீண்ட மலை இறக்கத்தில் கன்ட்ரோலரை நம்பி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள், டிரம் சூடானால் பிடிப்பு மங்கிவிடும். கீழ் கியரைப் போட்டு எஞ்சினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தி, தேவைப்படும்போது அழுத்தமாக ஒருமுறை பிரேக் போட்டு விட்டுவிடுங்கள்.

கன்ட்ரோலரால் முடியாதவை

டிரெய்லர் டிரக்கிலிருந்து கழன்றுகொண்டால் கன்ட்ரோலரோடு உள்ள தொடர்பும் அறுந்துவிடும். அப்போது வேலை செய்வது டிரெய்லரின் முன்பகுதியில் உள்ள பிரேக்அவே சுவிட்ச். அதன் கம்பியை டிரக்கில் தனியாக மாட்ட வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியில் கோத்துவிடக் கூடாது. கம்பி இழுபட்டு ஊசி வெளியே வந்ததும் டிரெய்லரின் சொந்த பேட்டரி பிரேக்குகளைப் பிடிக்கும். அந்த பேட்டரி செத்துக் கிடந்தால் இந்த ஏற்பாடே சும்மா. மாதம் ஒருமுறையாவது, டிரக் கேபிளைக் கழற்றிவிட்டு ஊசியை இழுத்து சக்கரங்கள் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். கேபிள் டிரக்கில் இருக்கும்போதே இதைச் செய்தால் கன்ட்ரோலர் கெட்டுப்போக வாய்ப்புண்டு. பார்த்ததும் ஊசியை உடனே திரும்பச் சொருகுங்கள், காந்தங்களை அதிக நேரம் மின்சாரத்தில் விடாதீர்கள்.

அதேபோல, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டாலும், சக்கரத்துக்குள் அளவுக்கு மீறி அடித்த கிரீஸ் சீலைத் தாண்டி ஷூவில் படிந்துவிட்டாலும் எந்தக் கன்ட்ரோலரும் உதவாது. கெயினை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றினால் அது டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம். தானாகச் சரிசெய்துகொள்ளாத பிரேக் என்றால் முதல் 200 மைல் ஓடியதும் ஒருமுறை இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், அதன்பின் 3,000 மைலுக்கு ஒருமுறை. சரிசெய்த ஒவ்வொரு தடவையும் காலி மைதானத்துக்குப் போய்க் கெயினை மறுபடியும் வைத்துக்கொள்ளுங்கள், பழைய எண் இனி பொருந்தாது.